குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் மசக்கை தீருமா?

கர்ப்பிணி வாந்தி எடுப்பதை நம் வீடுகளில் யாரும் நோயாகக் கருதுவதில்லை. நார்த்தங்காய், சீரகத் தண்ணீர், நீர்மோர், மூன்று மாதம் பொறுத்துக்கொள் என்கிற ஆறுதல் என்று அது கழிந்துவிடும். பெரும்பாலோருக்கு அப்படிக் கழிந்தும் விடுகிறது. ஆனால் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், உடல் வற்றி, எழுந்து நிற்கவும் முடியாமல் போகும் கடும் மசக்கை என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 0.3 முதல் 3 சதவீதக் கர்ப்பங்களில் அது வருவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் தங்கைக்கு, நான் பிரிட்டனிலிருந்து ஊருக்கு வந்திருந்த சமயத்தில், ஒன்பதாவது வாரத்தில் அதுதான் வந்தது. 

52 கிலோ இருந்தவள் 48 கிலோவுக்கு இறங்கியிருந்தாள். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கவலைப்பட வேண்டும் என்பது நெடுங்கால அளவுகோல். சிறுநீர் ஒரு நாளைக்கு ஓரிரு முறைதான் போனது, அதுவும் தேநீர் நிறத்தில். அம்மா கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் திரும்பி வந்தது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் சொன்ன யோசனைப்படி, தங்கையின் கணவர் எங்களை நகரின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். கண்ணாடிச் சுவர்களும் உணவகமும் கார் நிறுத்த ஆட்களும் உள்ள இடம். அவசரப் பிரிவில் முதலில் பதிவு எண் வாங்க வேண்டும், பிறகு அட்வான்ஸ் கட்டி ரசீதைக் காட்ட வேண்டும், அதன் பிறகே பெட். அந்த நேரம் முழுவதும் அவள் நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையுடன் உட்கார்ந்திருந்தாள்.

இளம் டியூட்டி டாக்டர் வந்து எத்தனை வாரம் என்று கேட்டார். முதல் பிரசவமா என்று கேட்டார். இது எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லிவிட்டு, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஒரு பாட்டிலும் வாந்தி நிற்க ஓர் ஊசியும் எழுதினார். எடை எவ்வளவு குறைந்தது என்றோ, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்றோ அவர் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனைப் பட்டியல் நீளமாக இருந்தது. டெங்குவும் தைராய்டும் அதில் இருந்தன. கர்ப்பகால எச்சிஜி ஹார்மோன் தைராய்டைத் தூண்டுவதால், கடும் மசக்கையில், தைராய்டு பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்எச் என்ற ஹார்மோனின் அளவு தற்காலிகமாகக் குறைவதும், பெரும்பாலும் மருந்து இல்லாமலே அது சரியாவதும் தெரிந்த விஷயம். ஆனால் முடிவு வந்ததும் தைராய்டு நிபுணரைப் பார்க்கச் சொல்லி அதற்கும் ஒரு கட்டணம் சேர்த்தார்கள்.

அந்த ஒரு பாட்டில் குளுக்கோஸைப் பற்றி நான் விரிவாக எழுதியே ஆக வேண்டும். பல வாரங்கள் சரியாகச் சாப்பிடாத உடலில் வைட்டமின் பி1, அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். உடல் அதை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. குளுக்கோஸை எரிக்கத் தயமின் தேவை. தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை ரத்தத்தில் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி, வெர்னிக்கே என்னும் மூளைப் பாதிப்பு வரலாம்: கண்கள் நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், நினைவு குழம்பும். உடனே கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடக்கூடும். அதனால்தான் முதலில் உப்புநீராகிய நார்மல் சலைன், கூடவே தேவைக்கேற்பப் பொட்டாசியம், தயமின். டெக்ஸ்ட்ரோஸ் அதன் பிறகுதான் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டு நெறியில் சொல்கிறது. பர்மிங்காமில் என் மூத்த மகனைச் சுமந்தபோது எனக்கும் இதே நோய் வந்து வார்டில் கிடந்ததால், இந்த வரிசை எனக்கு மனப்பாடம். தயமின் கொடுத்துவிட்டு ஏற்றலாமே என்று அந்த டாக்டரிடம் பணிவாகத்தான் கேட்டேன். நீங்கள் டாக்டரா மேடம் என்று கேட்டார். குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைத்தான் கொடுக்கிறோம் என்றார். என் கண் முன்னால் பாட்டில் சொட்டத் தொடங்கியது. நான் கையெழுத்துப் போட்டு அதை நிறுத்தச் சொல்லி, தங்கையை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தங்கையின் கணவருக்கு அது சங்கடமாக இருந்தது. எனக்கு அன்று வேறு வழி தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பிரிட்டனில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அங்கே அந்த வார்டின் கட்டிலை அடைவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசை பிடித்து ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரைப் பார்த்தால், சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்து, பட்டினியில் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் போதுமான அளவு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கீட்டோனை வைத்து நீர்வறட்சியையோ நோயின் கடுமையையோ அளவிடக் கூடாது என்று அதே கல்லூரியின் 2024 நெறி தெளிவாகச் சொல்லிவிட்டது. என் போன்றவர்களுக்கு அது தாமதமாக வந்த நியாயம். ஆனால் ஒருமுறை உள்ளே போய்விட்டால், யாரும் பணம் கேட்காமல், எழுதி வைத்த நெறிப்படி, சலைனும் தயமினும் ரத்தம் உறையாமலிருக்க ஊசியும் கிடைத்தன.

அன்று மாலையே அம்மா சொன்னதன் பேரில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சந்துக்குள் இருக்கும் பழைய நர்சிங் ஹோமுக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் இடம். பத்துப் பன்னிரண்டு கட்டில்களுக்கு மேல் இருக்காது. என் மனத்தில் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லை. எழுபதைத் தொட்ட டாக்டரம்மா ஒருவர், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசிக்கொண்டே, தங்கையின் நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் எடுத்தார், எடை எடுத்துத் தாயி கார்டில், அதாவது கர்ப்பிணிகளுக்கான பதிவு அட்டையில், இருந்த எடையோடு ஒப்பிட்டார். பிறகு, "எத்தனை நாளா இப்படி இருக்கேம்மா, ஏன் முன்னாடியே வரலே?" என்று கேட்டார். அவளுடைய வேதனையை அதுவரை யாரும் ஒரு கேள்வியாகக் கேட்டிருக்கவில்லை, தங்கை அழுதுவிட்டாள்.

சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர், அவ்வளவுதான் பரிசோதனை. இரட்டைக் கர்ப்பமோ, கருவுக்குப் பதில் நஞ்சுக்கொடித் திசு கொத்துக்கொத்தாகப் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பமோ இருந்தால் வாந்தி இப்படிக் கடுமையாகலாம் என்பதால் ஒரு ஸ்கேன். ஸ்கேன் அறையில் அடையாள அட்டையும் படிவமும் கேட்டார்கள். 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி அது கட்டாயம் என்பதால் அதில் எனக்குக் குறையில்லை. கருவில் ஒன்றுதான், நலமாக இருந்தது. பொட்டாசியம் 2.9 என்று வந்தது, 3.5க்குக் கீழே போகக் கூடாது. சலைன் பாட்டிலில் பி காம்ப்ளெக்ஸ் ஊசியைக் கலந்து, நாம் சிறு வயதிலிருந்து பார்த்த அந்த மஞ்சள் டிரிப்ஸை சிஸ்டர் முதலில் ஏற்றினார். அந்த ஊசியில் பி1 இருக்கிறது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, குளுக்கோஸ் இப்போது வேண்டாம், முதலில் இது இறங்கட்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது என் கண்கள் கலங்கின. அடுத்த பாட்டிலில் பொட்டாசியம், நரம்பு எரியும் என்பதால் மிக மெதுவாக. சிஸ்டர் இரவு முழுவதும் சொட்டு எண்ணிப் பார்த்தார், சிறுநீரை அளந்து எழுதினார்.

மாத்திரை விஷயத்தில் வீட்டில்தான் போராட்டம். கர்ப்பத்தில் மருந்து ஆகாது என்ற அம்மாவின் பயம் காரணமில்லாதது அன்று. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு என்ற மாத்திரை, கருவிலிருந்த குழந்தைகளின் கைகால்களைக் குறையாக்கிச் செய்த கொடுமையின் நிழல் அது. ஆனால் வாந்திக்குக் கொடுக்கும், டாக்ஸிலமினும் வைட்டமின் பி6உம் சேர்ந்த மாத்திரை வேறு. பல்லாயிரம் கர்ப்பங்களில் ஆராயப்பட்டது. அல்சூர் மருந்துக் கடையில் பல ஆண்டுகளாக மருத்துவர் சீட்டுக்குக் கிடைத்துவரும் அந்தச் சேர்க்கைக்குப் பிரிட்டனில் உரிமம் கிடைத்தது 2018இல்தான். இந்த ஒன்றில் நம் ஊர் முந்திக்கொண்டது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அக்காவுக்கும் வந்தது, தங்கைக்கும் வந்தது, இது மனத்தின் பலவீனமா என்று ஓர் உறவினர் கேட்டார். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற புரதமும், கர்ப்பத்துக்கு முன் அது குறைவாக இருந்த உடல் அதைத் தாங்காததும் முக்கியக் காரணம் என்று 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வை அவருக்கு விளக்கினேன். குடும்பங்களில் இது தொடர்ந்து வருவதில் வியப்பில்லை.

செலவு விஷயம் வேதனையானது. தங்கை கணவரின் தனிநபர் காப்பீடு, மகப்பேறு சார்ந்தது என்று இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் இலவசக் கர்ப்பகாலப் பரிசோதனைத் திட்டமும் நான்காவது மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. வாந்தி உச்சத்தில் இருப்பது அதற்கு முந்தைய மாதங்களில். நர்சிங் ஹோம் பில்லைவிடப் பெரிய மருத்துவமனையின் அந்த அரை நாள் பில் அதிகம்.

பிறகு வாந்தி மறுபடி கூடியபோது தங்கை நேராக டாக்டரம்மாவிடம் போய், பகலில் சலைன் ஏற்றிக்கொண்டு இரவுக்குள் வீடு திரும்பினாள். பெரிய மருத்துவமனைக்குத் தயமின் பற்றி விரிவாகக் கடிதம் எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அதில் மருத்துவம் பற்றி ஒரு வரியும் இல்லை. அவசரப் பிரிவில் கர்ப்பிணிகளுக்கு டெக்ஸ்ட்ரோஸுக்கு முன் தயமின் தருவதாக எழுத்தில் உறுதி கேட்டு, மருத்துவக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் மீண்டும் எழுதியிருக்கிறேன்.