தெர்மாகோல் பெட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா: கழுவும்போது தெரியும் வித்தியாசம்

வீட்டளவில் 30, 40 முட்டைகளை வைத்துக் குஞ்சு பொரிக்க நினைப்பவர் பெரும்பாலும் இரண்டு வகை இன்குபேட்டர்களுக்கு இடையில்தான் தயங்குகிறார். பல்பும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்திய தெர்மாகோல் பெட்டி ஒன்று. விசிறியோடும் முட்டையைத் தானே திருப்பும் தட்டோடும் வரும் பிளாஸ்டிக் பெட்டி மற்றொன்று. பத்துப் பன்னிரண்டு முட்டைதான் என்றால் அடைபடுத்த நாட்டுக்கோழியே போதும், இந்த அலசலே வேண்டாம். நான் தெர்மாகோலில் தொடங்கிப் பிளாஸ்டிக்குக்கு மாறியவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

விலை, பழுது, மின்தடை ஆகிய மூன்றிலும் தெர்மாகோல்தான் முந்துகிறது. பல்பு போனால் தெருமுனைக் கடையில் வாங்கி மாட்டிவிடலாம். மின்சாரம் நின்றால் அதன் தடித்த சுவர் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய பிளாஸ்டிக்கில் சூடு விரைவில் இறங்கும். ஆனாலும் கரு சிறிது நேரக் குளிர்ச்சியைத் தாங்கும், அதிகச் சூட்டைத்தான் தாங்காது என்பதால், ஒரு மணி நேர மின்தடைக்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

சூட்டின் சீர்மையில் பிளாஸ்டிக் மேல். விசிறி இருந்தால் பெட்டி முழுவதும் 37.5 டிகிரி செல்சியஸ் ஏறக்குறைய ஒரே சீராக நிற்கும். விசிறி இல்லாவிட்டால் சூடு அடுக்கடுக்காகத் தங்குவதால், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 டிகிரி அளவில் வைக்க வேண்டியிருக்கும்; கோழி முட்டையையும் அதைவிடப் பெரிய வாத்து முட்டையையும் சேர்த்து வைத்தால் இரண்டின் மேல்மட்டமும் ஒரே சூட்டில் இராது. எனினும் தெர்மாகோல் பெட்டியிலும் சிறு விசிறி ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதால், என் முடிவு இதைக்கொண்டு அமையவில்லை.

என் முடிவுக்குக் காரணம், பொரிப்பு முடிந்த மறுநாள் செய்யவேண்டிய வேலை. குஞ்சுகளை எடுத்த பிறகு பெட்டியைப் பார்த்தால் ஓட்டுத் துண்டு, சவ்வு, மயிர்த்தூள், முதல் எச்சம் என்று எல்லாம் ஈரத்தோடு அப்பிக் கிடக்கும். கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்த அந்தக் கதகதப்பு, கருவுக்கு ஏற்றதைப் போலவே கிருமிக்கும் ஏற்றது. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அடுத்த முறை வைக்கும் முட்டைக்குள் கிருமி அந்த வழியாகப் புகுந்தால், கரு பாதியில் சாகும், அல்லது பொரிந்த குஞ்சு தொப்புள் அழற்சி கண்டு முதல் வாரத்திலேயே மடியும். முதல் முறை நன்றாகப் பொரித்த பெட்டி மூன்றாவது, நான்காவது முறையில் ஏமாற்றும்போது, மின்தடையைக் குறை சொல்பவர்கள் பெட்டியின் உள்சுவரை ஒருமுறை முகர்ந்து பார்க்கலாம்.

தெர்மாகோலைத் தேய்த்துக் கழுவ முடியாது. பிரஷ் பட்டால் மணிமணியாக உதிரும். உதிர்ந்த குழிகளில் அழுக்கு தங்கும். வயரும் பல்பும் பெட்டியோடு சேர்ந்தே இருப்பதால் தண்ணீரைத் தாராளமாக ஊற்றவும் இயலாது. உள்ளே பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அது ஓரளவு உதவும், ஆனால் மூலைகளிலும் ஒட்டிய விளிம்புகளிலும் ஈரம் இறங்கிவிடும். பிளாஸ்டிக் பெட்டியிலோ மோட்டாரும் ஹீட்டரும் மூடியில் இருக்குமாறு அமைந்த மாதிரிகளில் அடித்தட்டைத் தனியே குழாயடிக்கு எடுத்துச் செல்லலாம். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை நீக்க வேண்டும். அழுக்கு இருக்கும்போது எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது. பிறகு பிளீச்சிங் கரைசலால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தினால் போதும். பெரிய பொரிப்பகங்களில் ஃபார்மலினும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கலந்து இடும் நச்சுப் புகை வீட்டுக்கு ஆகாது.

வாத்து என்றால் இந்தக் காரணம் இன்னும் வலுக்கிறது. பிசான (குளிர்காலப் பருவ நெல்) அறுவடைக்குப் பின் தாமிரபரணிப் பாசன வயல்களில் மேயும் வாத்துகளின் முட்டைகள் சேறு படிந்தே கைக்கு வருகின்றன. பச்சைத் தண்ணீரில் கழுவினால் உள்ளிருப்பது சுருங்கி, அழுக்கை ஓட்டின் துளைகள் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே கூடியவரை சுத்தமான முட்டைகளையே பொறுக்கி வைப்பது நல்லது. குஞ்சு பொரியக் கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28, மணிலா வாத்துக்கு 35 என்பதால், கெட்ட முட்டைக்கு அழுகி வெடிக்கவும் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டைகளை அகற்றினாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். அப்படி ஒன்று வெடித்தால் அந்த நாற்றத்தைத் தெர்மாகோல் விடவே விடாது.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் முட்டைகளைத் தவணை தவணையாக நுழைத்துக்கொண்டே போனால் கழுவ இடைவெளி கிடைக்காது. கோழி, வாத்து இரண்டையும் ஒரே நேரத்தில் பொரிக்க விரும்புபவர் வாத்து முட்டையை முதலில் வைத்து, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேர்த்தால், ஒரே சமயத்தில் பெட்டி காலியாகும்.

பிளாஸ்டிக் பெட்டியின் திருப்பும் மோட்டார் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் அதைப் பயன்படுத்தவில்லை. அக்கினி நட்சத்திரக் காலத்தில் இரண்டுமே சங்கடம்தான்: இவற்றால் சூடேற்ற முடியுமே தவிரக் குளிர்விக்க முடியாது, அறைச் சூடே 37 டிகிரியை நெருங்கும் நாட்களில் பெட்டியை வீட்டின் மிகக் குளிர்ந்த அறைக்கு மாற்றவேண்டும், அல்லது அந்த மாதத்தில் அடை வைக்காமல் விடவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, கோழி முட்டை மட்டும் பொரிப்பவருக்குத் தெர்மாகோலே போதும். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினாலும் அவருக்கு அதிகம் நட்டமில்லை.