பழைய டிரெய்லரின் பிர்ச் சுவருக்கு ஜின்சர் ஆம்பர் ஷெல்லாக்

1950, 60களில் அமெரிக்காவில் வந்த ஷாஸ்டா மாதிரியான சின்ன டிரெய்லர்களின் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும், உள்ளே தங்கக்கூடிய வண்டிகளின்) உட்சுவரில் அடிக்கடி காணப்படுவது 3 மி.மீ. பிர்ச் மரப் பிளைவுட். அதில் தெரியும் தேன் நிறம் மரத்துடையது அல்ல, மேலே பூசிய மெருகுடையது. புது பிர்ச் பலகை வெளிறித்தான் இருக்கும். பழைய பலகைக்குப் பக்கத்தில் புதியதை வைத்தால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி பல்லிளிக்கும். அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர, ஜின்சர் நிறுவனத்தின் 'புல்ஸ் ஐ' ஆம்பர் (தேன் நிற) ஷெல்லாக்கை விடப் பொருத்தமான டப்பா கடையில் இல்லை.

ஷெல்லாக் என்பது நம் அரக்குதான். அதைச் சுத்தம் செய்து ஆல்கஹாலில் கரைத்திருக்கிறார்கள். நம் ஆசாரிகள் போடும் பிரெஞ்ச் பாலிஷும் இதே சரக்கு.

இதன் பெரிய பலம், புதுப் பூச்சு பழைய அரக்குப் பூச்சைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுவது. ஆகவே சுவர் முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி செய்த டினேச்சர்டு ஆல்கஹால்) தொட்ட துணியை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் உள்ளே இருப்பது ஷெல்லாக். இளகாவிட்டால் லேக்கரோ வார்னிஷோ. அப்போது 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுப் பூசலாம். எண்ணெய்ப் பிசுக்கை மினரல் ஸ்பிரிட்டால் (இது ஆல்கஹால் அல்ல, பெட்ரோலியக் கரைப்பான்) துடைக்கலாம், அது அரக்கைத் தொடாது. சிகரெட் வாடை, எலி மூத்திர வாடை இரண்டையும் இந்தப் பூச்சு நன்றாகவே அடைத்துவிடும்.

ஆனால் ஒழுகல் நிற்காமல் டப்பாவைத் திறக்காதீர்கள். ஜன்னல் சட்டம், மேல்விளிம்புப் பட்டி இரண்டின் அடியிலும் பழைய புட்டி காய்ந்து வெடித்திருக்கும். அதை எடுத்துவிட்டு பியூட்டைல் டேப் (நீர் புகாத ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்த பிறகே உள்வேலை. கறுத்த நீர்க்கறையை ஷெல்லாக் மறைக்காது, இன்னும் எடுப்பாகக் காட்டும். அந்தப் பலகையில் மட்டும் பழைய மெருகை நீக்கி, வெந்நீரில் கரைத்த ஆக்சாலிக் அமிலத்தைப் பலகை முழுக்கத் தடவ வேண்டும். கறையில் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்துத் திட்டாகிவிடும். பிறகு வெறும் நீரால் இரண்டு மூன்று முறை கழுவி, நன்றாக உலர விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். உப்புத்தாளால் கறையை எடுக்க நினைத்தால் மேல் ஏடு மிக மெல்லியது, சட்டென்று ஓட்டை விழும்.

பலகை உளுத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இந்த வண்டிகளில் முதலில் உட்பலகை, அதன் மேல் சட்டம், கடைசியாக அலுமினியத் தகடு என்று கட்டியிருப்பார்கள். ஒழுங்காக மாற்றத் தகட்டைக் கழற்றியாக வேண்டும். புதுப் பலகையைப் படுக்கப்போட்டு, பூசி முடித்த பிறகே உள்ளே பொருத்துங்கள்.

டப்பாவில் இருப்பது 3 பவுண்டு கட், அதாவது ஒரு கேலன் ஆல்கஹாலுக்கு 3 பவுண்டு அரக்கு. வெற்று மரத்தில் அப்படியே பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். 5 பங்குக்கு 2 பங்கு டினேச்சர்டு ஆல்கஹால் கலந்தால் 2 பவுண்டு கட் ஆகும், அதுதான் கைக்கு அடங்கும். மருந்துக்கடை ஐசோபுரோப்பைல் வேண்டாம், அதில் தண்ணீர் இருக்கிறது. அகலமான பிரஷ்ஷால், இழை போகும் திசையில், ஒரே இழுப்பு. விட்ட இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது. சில நிமிடங்களில் இழுபட ஆரம்பித்துவிடும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடமெல்லாம் கறுத்த கோடாக நிற்கும். முக்கால் மணி நேரத்தில் அடுத்த கோட்டு போடலாம். வழக்கமாக மூன்று தேவைப்படும். ஒவ்வொரு கோட்டுக்கும் நிறம் ஏறும், அதனால் துண்டுப் பலகையில் பழைய சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம் போதும் என்றால் கடைசிக் கோட்டுக்கு நிறமற்ற ஷெல்லாக்.

மழைநாளில் பூசினால் பால்போல் வெளுக்கும். ஆல்கஹால் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பூச்சில் படிவதுதான் காரணம். வறண்ட நாளில் ஸ்பிரிட் துணியால் மெல்ல ஒற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அளவு: 4×8 அடிப் பலகை 32 சதுர அடி. 12 பலகை என்றால் 384, கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு கேலன். எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் கலந்துகொண்டால் நிறம் மாறாது. வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். அரக்கும் ஆல்கஹாலும் டப்பாவுக்குள்ளேயே மெல்ல வினைபுரிந்து, பழைய சரக்கு காயாமல் போகும். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மறுநாளும் ஒட்டினால் தூக்கிப் போடுங்கள்.

அரக்கு மாளிகைக் கதை தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: டிரெய்லர் ஒரு மூடிய பெட்டி, ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். புரொப்பேன் சிலிண்டரை மூடி, அடுப்பு, ஃபிரிட்ஜ் எதிலும் பைலட் சுடர் (அணையாமல் எரியும் சிறு சுடர்) இல்லையென்று உறுதி செய்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்த பிறகே பிரஷ்ஷை எடுங்கள்.

சாப்பாட்டு மேசைக்கும் சிங்க் ஓரத்துக்கும் இது ஆகாது. சூடான டம்ளர் வெள்ளை வளையம் போடும், மது சிந்தினால் கரையும், அம்மோனியா கலந்த கிளீனர் பட்டால் உரியும். அங்கே பாலியூரித்தேன் வார்னிஷ்தான். ஆனால் ஆம்பரில் மெழுகு இருப்பதால் அதன் மேல் பாலியூரித்தேன் பிடிக்காது. நடுவில் அதே ஜின்சரின் மெழுகு நீக்கிய சீல்கோட் ஒரு கோட்டு போட்டுக்கொள்ளுங்கள்.