பழைய காரில் ஆயில் ஒழுகினால்: ஊற்றி ஓட்டுவதா, மருந்து விடுவதா, பேக்கிங் மாற்றுவதா?

ஓடித் தேய்ந்த காரின் அடியில் கருப்புச் சொட்டு தெரிய ஆரம்பித்தால் மூன்று வழிகள் உண்டு. குறையக் குறைய ஆயில் ஊற்றி ஓட்டலாம். கசிவை நிறுத்தும் என்று விற்கும் திரவத்தை எஞ்சினில் விடலாம். இல்லையென்றால் ஒழுகும் பேக்கிங்கையோ (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தை அடைக்கும் பட்டை), சீலையோ (சுழலும் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றலாம். என் பழைய காருக்கு நான் மாற்றுவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

ஊற்றி ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வித்தியாசம். அடிக்கடி இழுத்துப் பார்க்கிறவர், எப்போதாவது ஒரு சொட்டு விழும் காரை இப்படியே ஓட்டலாம். ஆனால் இரண்டு இடங்களில் மட்டும் தள்ளிப்போடவே கூடாது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டினால் புகையோடு நிற்காமல் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறி பெல்ட் கெட்டுப்போகும்.

கசிவு நிறுத்தும் திரவங்களில் பெரும்பாலானவை ரப்பரை இளக்கி, கொஞ்சம் உப்ப வைக்கும். காய்ந்து சுருங்கிய சீலுக்கு அது உதவும். கிழிந்த சீலையோ, கார்க் பேக்கிங்கையோ, பழைய சீலன்ட் பேஸ்ட் விட்டுப்போன இடத்தையோ அது ஒன்றும் செய்யாது. எனக்கு உறுத்தும் விஷயம் வேறு: ஆயில் போகும் இடமெல்லாம் மருந்தும் போகிறது, நன்றாக இருக்கும் சீல்களையும் சேர்த்து இளக்குகிறது. இதை ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை, ஆகவே ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் மாட்டேன். அதிக கிலோமீட்டர் ஓடிய எஞ்சினுக்கென்றே வரும் ஆயிலில் இதே வகைச் சரக்கு மிதமான அளவில் இருக்கிறது. முயன்று பார்ப்பதென்றால் அதிலிருந்து தொடங்கலாம்.

சரி, மாற்றுவது. இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது பேக்கிங்கின் விலை அல்ல, அதை எட்டுவதற்கு எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்பதுதான். எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் என்றால் பல கார்களில் சில போல்ட்டுகளோடு முடிந்துவிடும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் என்றால் சில வண்டிகளில் சைலன்சர் குழாயை இறக்க வேண்டும். எஞ்சினின் முக்கியத் தண்டு கியர் பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் இருக்கும் பின்பக்க கிராங்க் சீல் உள்ளங்கை அகல வளையம்தான், ஆனால் அதற்காக கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். பொருளின் விலையைப் போல் பல மடங்கு கூலிக்குப் போகும் இடம் அது.

சிக்கல் என்னவென்றால், முதலில் சொன்ன கசிவும் கடைசியில் சொன்ன கசிவும் கீழிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். ஆயில் கீழே வழியும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் வண்டியில் டேப்பட் கவரின் பின் விளிம்பில் கசிந்தால், அது எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவர் கிராங்க் சீல் போய்விட்டது என்பார். என் காரிலும் முதலில் வந்த தீர்ப்பு அதுதான். எஞ்சினை டிகிரீசர் போட்டுக் கழுவி, காயவிட்டு, ஓட்டி வந்து, டார்ச் அடித்துப் பார்த்தபோது ஈரம் தொடங்கிய இடம் கவரின் பின் விளிம்பு. கழற்றியபோது பேக்கிங் துண்டு துண்டாக வந்தது. வளைத்தால் படக்கென்று ஒடிந்தது. ஸ்பார்க் பிளக் குழிகளிலும் ஆயில் தேங்கியிருந்தது.

ஆக, நனைந்திருக்கும் இடங்களிலேயே மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் யூவி சாயம் இருக்கிறது. கொஞ்சம் ஓட்டிவிட்டு யூவி விளக்கு அடித்தால் கசியும் தடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட் வாஷர், ஆயில் பிரஷர் சுவிட்ச் மூன்றையும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டால், உள்ளழுத்தம் ஏறி ஆயிலைச் சீல்கள் வழியாகத் தள்ளும். புது பேக்கிங் போட்டாலும் மறுபடி கசியும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் என்றால் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியை எடுத்து, அந்த வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டிப் பாருங்கள். மெல்ல உள்ளே இழுத்தால் நல்லது. உப்பிக்கொண்டு நின்றால் முதல் வேலை அந்த வால்வுதான்.

பேக்கிங் போடும்போது இரண்டு பரப்பையும் சுத்தமாகத் துடைத்து, கேம் கேப் (கேம் தண்டைப் பிடித்திருக்கும் மூடி) எஞ்சின் ஹெட்டோடு சேரும் மூலைகளில் மட்டும் துளி சீலன்ட் பேஸ்ட் வைத்தால் போதும். போல்ட்டுகளுக்கு பல எஞ்சின்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய டார்க்தான் (இறுக்கும் முறுக்கு விசை). உங்கள் எஞ்சினின் அளவை மேனுவலில் பாருங்கள். இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று இழுத்தால் கவர் வளைந்து அதிலேயே கசிவு வரும்.

எல்லாம் பார்த்த பிறகும் உண்மையிலேயே பின்பக்க கிராங்க் சீல்தான் என்றால், அங்கே மட்டும் என் சாய்வு தளர்கிறது. மெல்ல ஈரம் கசிகிற அளவில் இருந்தால், அதிக கிலோமீட்டர் எஞ்சினுக்கான ஆயிலை ஊற்றி, அளவைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டு வழுக்க ஆரம்பித்தாலோ, கிளட்ச் மாற்றும் காலம் வந்தாலோ, எப்படியும் கியர் பாக்ஸ் இறங்கும். அப்போது சீலையும் சேர்த்து மாற்றிவிடலாம்.