அப்பாவின் பழைய காசு: நகைக்கடையா, கைபேசியா?

அப்பாவின் ரங்குப்பெட்டியில் ஒரு பேணி நிறையப் பிறநாட்டுக் காசு. மலாயாவில் வேலை பார்த்தவர்கள் இருந்த யாழ்ப்பாண வீடுகளில் இது புதுமையில்லை. கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்குக் கொண்டுபோவதா, கைபேசியில் நியூமிஸ்டா என்ற இணையக் காசுப் பட்டியலில் தேடுவதா?

செலவு: இரண்டிலும் பெரிதாக இல்லை. கைபேசிக்கு டேட்டா, கடைக்குப் போய்வரும் நேரம்.

உலோகம்: இதில் நகைக்கடைதான். உரைத்தும் நிறுத்தும் வெள்ளியா என்று சொல்லிவிடுவார்கள். 1939 வரையான பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், 91.7 வீதம் வெள்ளி. தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும்.

நாடும் ஆண்டும்: இங்கே கைபேசி எவ்வளவோ மேல். மூலை மழுங்கிய சதுரச் செப்புக்காசு ஒன்று. ஐந்தாம் ஜோர்ஜின் தலையைச் சுற்றி 'இந்தியாவின் பேரரசர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கடைக்காரர் இந்தியக் காசு என்றார். திருப்பிப் பார்த்தால் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ், ஒரு சதம், 1920. அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா. தலைப்பக்கம் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். நாடு பெரும்பாலும் மறுபக்கத்தில்.

விலை: கடையில் உலோக விலைதான் கிடைக்கும். சேகரிப்போர் தரும் விலை வேறு.

வெள்ளியை விற்க நினைப்பவர்களுக்குக் கடை சரி. அப்பா எதை ஏன் வைத்திருந்தார் என்று அறிய விரும்புபவர்கள் முதலில் கைபேசியை எடுங்கள். எதுவானாலும் பழப்புளி போட்டு மினுக்காதீர்கள், மதிப்புப் போய்விடும்.