செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை: ரயிலா, பேருந்தா?

தமிழ்நாட்டின் செங்கோட்டைக்கும் கேரளத்தின் புனலூருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலை ரயில் பாதையை வெறும் பயணமாக மதிப்பிட்டால் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை ஆகிய மலையூர்களைப் பார்க்க வருபவர்கள் ரயிலை மட்டும் நம்பி வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

1904-ல் மீட்டர் கேஜாகத் தொடங்கி, 2010-ல் நிறுத்தப்பட்டு, 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பி வந்த தடம் இது. பகவதிபுரம் தாண்டியதும் ஏற்றம் கடுமையாகிறது. இழுக்க ஓர் எஞ்சின், பின்னிருந்து தள்ள ஓர் எஞ்சின் என்று ரயில் நிதானமாக ஏறுகிறது. ஆரியங்காவுக்கு முன்னுள்ள நீண்ட குகைக்குள் நுழைந்ததும் பெட்டி இருண்டு, ஈரக்காற்று சன்னல் வழியே முகத்தில் அடிக்க, பிள்ளைகளின் கூச்சல் சுவர்களில் மோதி எதிரொலிக்கிறது. அந்தப் பக்கம் வெளியே வந்தால் வயலும் பனையும் மறைந்து ரப்பர் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஆனி, ஆடியில் சாரலைக் கொண்டுவரும் கணவாய் இதுதான்.

குறை ரயில் நேரத்தில் இருக்கிறது. ஆரியங்காவை அடுத்த அருவியின் பெயரைத் தாங்கிய பாலருவி எக்ஸ்பிரஸே மலையை இருட்டில்தான் கடக்கிறது. பெயர் வைத்தவர்கள் கால அட்டவணையைப் பார்க்கவில்லை போலும். பகல் வெளிச்சத்தில் கடக்க வேண்டுமானால் மதுரை – குருவாயூர் எக்ஸ்பிரஸ் ஏற்றது.

இரண்டாவது குறை, வழியிலேயே புகழ்பெற்ற அடையாளமான கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தை ரயிலில் இருப்பவர் சரியாகப் பார்க்க முடியாது என்பது. பாலத்தின் மேல்தானே அவர் போகிறார்! கருங்கல் வளைவுகள் வரிசையாக நிற்கும் முழுத் தோற்றம், அருகில் ஓடும் தேசிய நெடுஞ்சாலையில் செல்பவருக்கே கிடைக்கும். எனவே போகும்போது புளியரை எஸ் வளைவு, கோட்டைவாசல் சோதனைச்சாவடி வழியாகச் செல்லும் கொல்லம் பேருந்தில் ஏறுவதே நல்லது. தமிழ்நாட்டுப் பேருந்து, கேரளப் பேருந்து இரண்டும் ஓடுகின்றன.

பேருந்தில் போனால் ஆரியங்காவில் இறங்கிக்கொள்ளவும் முடியும். சாலையை ஒட்டிய தாழ்வான இடத்தில் அமைந்த சாஸ்தா கோயிலில், மதுரைச் சௌராஷ்டிர சமூகத்தார் பெண் வீட்டாராக வந்து நடத்தும் மார்கழித் திருக்கல்யாணம் பெயர்பெற்றது. பாலருவிக்கு நுழைவுச்சீட்டு வாங்கி, வனத்துறை வண்டியில் காட்டுக்குள் செல்ல வேண்டும். சொந்த வண்டியை அங்கே கொண்டுபோக இயலாது. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அந்த அருவியில் கோடையில் நீர் வற்றிவிடுவதால், பங்குனி, சித்திரையில் அதற்கென்று கிளம்புவது வீண் அலைச்சல்.

புனலூரில் 1877-ல் கட்டி முடிக்கப்பட்ட தொங்குபாலத்தையும் பார்த்துவிட்டு, திரும்பும்போது ரயிலைப் பிடிக்கலாம். கிழக்கே வரும் பகல் ரயில்கள் நண்பகலை ஒட்டிப் புனலூரைக் கடந்துவிடுவதால், அன்றே திரும்ப நினைப்பவர்கள் விடியற்காலையிலேயே பேருந்து ஏறிவிட வேண்டும்.