மோடத்துக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தல்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், போட்டோப் பிரதியும் தொலைநகலும் செய்துகொடுக்கும் கடை வைத்திருந்தேன். 2002இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்து, அடுத்த ஆண்டு கொழும்பிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது எனது 56 கே வெளிமோடம்: கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்துத் தொலைநகல் அனுப்ப உதவும் கருவி. பதினொரு ஆண்டுகள் அது உழைத்தது. விற்றவர், “ஏரிடிரி என்று தட்டி எண்ணைப் போடுங்கள், போதும்” என்றார். ஏரிடிரி (ATDT) என்பது மோடத்துக்கு ‘டயல் செய்’ என்னும் கட்டளை. அது போதவில்லை.

கடையின் இன்டர்கொம் பெட்டியில் 9 அழுத்தினால்தான் வெளித்தொடர்பு கிடைக்கும். 9ஐத் தொடர்ந்து எண்ணை உடனே அனுப்பினால் முதல் இலக்கங்கள் தொலைந்துவிடும். தொலைநகல் யாரோ வீட்டில் மணி அடிக்கும். 9க்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டேன். மோடம் இரண்டு விநாடி பொறுத்தது, வேலை நடந்தது. கார்த்திகை மழை தொடங்கியதும் டயல் ரோன் வர நான்கு, ஐந்து விநாடி ஆயிற்று. மோடம் தன் அமைப்பு எண்களை வைத்திருக்கும் பதிவகங்களில் எஸ்8 (S8) என்பதில் அந்த இரண்டு விநாடியைக் கூட்டலாம். ஆனால் மழைக்கொரு கணக்கு, வெயிலுக்கொரு கணக்கு என்று மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? காற்புள்ளியை எடுத்துவிட்டு டபிள்யூ (W) எழுத்தைப் போட்டேன். அது விநாடியை எண்ணுவதில்லை, ரோன் கேட்கும் வரை காத்திருக்கும். வெளித்தொடர்புக்கு அதைவிட நல்லது இல்லை என்பது என் முடிவு.

ஒரு விலக்கு உண்டு. மின்வெட்டுக்குப் பின் அந்தப் பெட்டியின் ரோன் விட்டுவிட்டு ஒலிக்கும். நம் காதுக்கு அது ரோன், மோடத்துக்கு அல்ல. அந்த நாட்களில் எக்ஸ்3 (X3) என்னும் கட்டளை கொடுத்து, டபிள்யூவுக்குப் பதில் காற்புள்ளிக்கே திரும்புவேன். எக்ஸ்3 ரோனைத் தேடாமல் டயல் செய்யும், மறுமுனை வேறு அழைப்பில் இருந்தால் அதையும் சொல்லிவிடும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வெளிநாட்டு அழைப்பு அட்டை. முதலில் அட்டை நிறுவனத்தின் எண், பிறகு அட்டையின் இரகசிய எண், பிறகு கனடா எண். இடையில் ஒரு குரல் மூன்று மொழிகளில் பேசும். “அட்” (@) குறி இதற்கென்றே உள்ளது என நம்பினேன்: மறுமுனை எடுத்தபின் ஐந்து விநாடி அமைதி வந்தால் அடுத்த இலக்கங்களை அனுப்பும். அந்தக் குரலோ ஐந்து விநாடி வாயை மூடவே இல்லை. கைக்கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்டேன், பதினான்கு விநாடி, ஏழு காற்புள்ளிகள். முழுச் சரமும் ஒரு கட்டளைக்குள் அடங்காததால் அரைப்புள்ளியில் முடித்து, இரண்டாம் ஏரிடிரியில் தொடர்ந்தேன். கடைசியில் அரைப்புள்ளி இருந்தால், மோடம் டயல் செய்தபின் தொடர்பை விடாமல் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். அதற்கும் எக்ஸ்3 வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பின் நடுவே மோடம் மறுபடியும் ரோனைத் தேடும்.

ரொறன்ரோவில் சில தொலைநகல் இயந்திரங்கள் ஐந்தாறு முறை மணி அடித்த பிறகே எடுக்கும். மறுமுனை இணையும் வரை மோடம் பொறுக்கும் நேரத்தை வைத்திருப்பது எஸ்7 (S7) பதிவகம்; அது தரும் ஐம்பது விநாடி சில வேளை போதாது. எண்ணின் கடைசியில் மூன்று காற்புள்ளி சேர்த்தால், என் மோடத்தில் அந்தக் கணக்கு பிந்தித் தொடங்கும். இதை எந்தக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை. ஒரு மாலை முழுதும் முயன்று கண்டது.

அரைப்புள்ளியை நான் விரும்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிள்ளைகளின் எண்ணைக் கசங்கிய கடிதத்தாளில் எழுதி வரும் வயதான அம்மாக்களுக்கு அந்த நீண்ட எண்ணை அழுத்துவது பெரும்பாடு. நான் கணினியில் தட்டி, கடைசியில் அரைப்புள்ளி வைப்பேன். “அம்மா, இப்போது ரிசீவரை எடுங்கள்” என்பேன். அவர் எடுத்ததும், தொடர்பை விடச் சொல்லும் ஏரிஎச் (ATH) கட்டளை கொடுத்து மோடத்தை விலக்குவேன். மணி அடிப்பது அவருக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் முகம் மலர்ந்துவிடும்.