பி.டெஸ்.: நான்கு வருடம் படித்து, ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

போன் வாங்கிய மூன்றாம் நாளே விமர்சனம் எழுதிவிடுகிறார்கள். நான் பத்து வருடம் பொறுத்து எழுதுகிறேன். 2015-ல் பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்து 2019-ல் முடித்தேன். சென்னைப் புறநகரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். இப்போது மொபைல் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறேன்.

"படம் வரையவா நாலு வருஷம்?" என்றார் அப்பா. முதல் வருட வகுப்பை நேரில் பார்த்திருந்தால் பலமாகவே கேட்டிருப்பார். கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை. வெள்ளையில் தொடங்கிக் கறுப்பு வரை போஸ்டர் கலரில் பத்துக் கட்டம். ஒவ்வொன்றும் ஒரே அளவாக இருண்டுகொண்டு போக வேண்டும். எனக்கு ஆறும் ஏழும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. மூன்று முறை திரும்பி வந்தது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்பது நான்காவது முறைதான் மண்டையில் ஏறியது. வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் எழுத்து வேண்டும் என்று ஆபீஸில் யாராவது கேட்டால், வெயிலில் நிற்கிறவருக்கு அது தெரியாது என்று இன்றும் சண்டை போடுகிறேன். அந்தத் தைரியம் அந்தப் பத்துக் கட்டத்தில் வந்ததுதான்.

கட்டண விவரத்தில் வராத செலவு ஒன்று உண்டு. மாடல் செய்ய சன்போர்டு, மவுண்ட் போர்டு அட்டைகள், கட்டர் பிளேடு, பிரின்ட். கல்லூரி வாசலில் இருந்த கடையில் வாங்கியே முதல் செமஸ்டரில் ஓட்டாண்டி ஆனோம். அப்புறம் நாலு பேர் சேர்ந்து பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய் மொத்தமாக வாங்க ஆரம்பித்தோம். லேசர் கட்டிங் மெஷின் இருக்கிறது என்று சேர்க்கையின்போது காட்டினார்கள். இருந்தது. எனக்குத் தெரிந்து இரண்டு செமஸ்டர்தான் ஓடியது.

சாஃப்ட்வேருக்காக இந்தப் படிப்பில் சேராதீர்கள். கடைசி வருடம் விழுந்து விழுந்து அடோபி எக்ஸ்டி என்ற திரை வடிவமைப்பு சாஃப்ட்வேரைக் கற்றோம். 2023-ல் அதற்குப் புது வசதி சேர்ப்பதையே அடோபி நிறுத்திவிட்டது. இப்போது எல்லாம் ஃபிக்மா. அதை வேலையில் சேர்ந்து இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வருடம், தினம் புழங்கும் ஒரு பொருளை மாற்றி வடிவமைக்கச் சொன்னார்கள். டீக்கடைப் பையன் ஆறு டம்ளரோடு கடை கடையாகத் தூக்கிப் போகிற கம்பி ஸ்டாண்டை எடுத்துக்கொண்டேன். தூசி விழுகிறது, சூடு ஆறுகிறது என்று குறைகளைப் பட்டியல் போட்டு, மூடி வைத்த, அடி மூடிய பிளாஸ்டிக் கேரியர் ஒன்று செய்தேன். அழகாகவே வந்தது. கல்லூரிக்கு எதிரே இருந்த கடையில் கொடுத்தேன். அந்தத் தம்பி இரண்டு நடை போய்விட்டு, "அக்கா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பழைய கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதுதான் தப்பு.

ஜூரி என்பது வெளியாட்கள் வந்து எங்கள் வேலையை மதிப்பிடும் நாள். அன்று வந்தவர் என் மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி. "டீ சிந்தினா எங்கம்மா போகும்?" கம்பியில் சிந்தினால் கீழே சொட்டிவிடும். தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் சுத்தம். சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டலாம். என்னுடையதில் அடியில் தேங்கி, நாலாம் நடைக்குள் ஈ மொய்க்கும். ஒரு செமஸ்டர் உழைப்பு நாலு வார்த்தையில் முடிந்தது. விடுதிக்குப் போய் அழுதேன்.

இந்தியாவில் வடிவமைப்புக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று 1958-ல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள்; அதன் வழியில்தான் 1961-ல் அகமதாபாதில் என்.ஐ.டி. என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து எழுதியது நம் வீட்டுச் செம்பைப் பற்றி. அதைத் தனியொருவர் வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் கையில் உருவானது என்று. முதல் வருடம் அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். புரிந்தது ஜூரிக்குப் பிறகுதான்.

பெரிய மனக்குறை தமிழ். எழுத்து வடிவமைப்பு வகுப்பு முழுக்க ஆங்கில எழுத்துதான். 2010-ல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டை எத்தனையோ முறை திரையில் காட்டினார்கள். அதை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், தமிழ் எழுத்துருவில் ஆய்வு செய்தவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேலைக்குப் போன முதல் மாதமே அடி விழுந்தது. 'மீண்டும்' என்ற பொத்தானில் மேற்சுழி வெட்டுப்பட்டது. 'கூடுதல்' என்பதில் கீழே வால் போனது. ஆங்கிலத்தில் ஆறு எழுத்து நின்ற இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' வழிந்தது. வரி இடைவெளியை எவ்வளவு கூட்டுவது என்று நானாகத் தட்டுத் தடுமாறித்தான் கற்றேன்.

சேர நினைக்கிறவர்களுக்கு: ஐ.ஐ.டி.களுக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு, என்.ஐ.டி.க்குத் தனித் தேர்வு. இரண்டிலும் கையால் வரையச் சொல்வார்கள், அதனால் லேப்டாப்புக்கு முன் நோட்டு வாங்குங்கள். முடிந்தால் கல்லூரியில் ஜூரி நடக்கும் நாளில் போய் வேடிக்கை பாருங்கள். எந்தக் கையேட்டையும்விட அது உண்மை பேசும்.

அந்த டீ கேரியர் இப்போது அம்மாவின் சமையலறையில் இருக்கிறது. ஆறு குழியிலும் கடுகு, சீரகம், வெந்தயம் என்று பாட்டில்கள். மூடியை மட்டும் முதல் நாளே கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.